எந்த இடத்தில் கவனம் போனது?

கேள்வி: பியானோவுக்காக நானே சொந்தமாக ஒரு இசை எழுதியிருக்கிறேன். ஏழு நிமிடம் வரும். கம்ப்யூட்டரில் நோட்ஸ் எழுதி, அதையே வாசிக்க விட்டுப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லோரும் 'சூப்பர்' என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பியானோ ஆசிரியர் மட்டும், "ரொம்ப நீளம், நடுப்பகுதியை எடுத்துவிடு" என்றார். அந்த நடுப்பகுதிதான் எனக்கு உயிர். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி

பதில்: ஆசிரியர் பேச்சைத்தான். ஆனால் அதில் பாதியை மட்டும். நீளமாகத் தெரிந்தது என்பது அவர் காது உணர்ந்தது, அதை நாம் மறுக்க முடியாது. நடுப்பகுதியை எடு என்பது அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு, அது தப்பாகவும் இருக்கலாம். ஒரு பகுதி இழுவையாகத் தெரிவதற்கான காரணம் பல சமயம் அதற்கு முன்னால்தான் இருக்கும். முதல் இரண்டு நிமிடமும் இடது கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தால், நடுப்பகுதி வருவதற்குள் காது களைத்துவிடும்.

பீத்தோவனுக்கும் இது நடந்திருக்கிறது. 1803-04இல் எழுதிய 'வால்ட்ஸ்டைன்' என்ற சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட பியானோ இசை) நடுவில் முதலில் ஒரு நீண்ட ஆண்டான்டே, அதாவது நிதான நடையில் போகும் பகுதி, இருந்தது. சொனாட்டா நீளம் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு நிதானமாக யோசித்து, அதை எடுத்துவிட்டு, கடைசிப் பகுதிக்குள் கொண்டுபோய்விடும் சின்ன முன்னிசை ஒன்றை வைத்தார். எடுத்ததைத் தூக்கி எறியவில்லை, தனியாக வெளியிட்டார். 'ஆண்டான்டே ஃபாவோரி' என்று இன்றும் அதை வாசிக்கிறார்கள். உங்களுடைய நடுப்பகுதியும் தனியாக நிற்குமா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

நண்பர்களைக் குறை சொல்ல வேண்டாம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பாசமுள்ளவர்கள் வேறென்ன சொல்வார்கள்? எந்த இடத்தில் உங்கள் கவனம் வேறெங்கோ போனது, எங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தீர்கள், கேட்டு முடித்ததும் எந்த மெட்டை முணுமுணுக்க முடிகிறது என்று கேளுங்கள். இதற்குச் சங்கீத ஞானம் வேண்டாம். நிமிடம், வினாடியைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரிய வேண்டாம். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது.

அப்புறம், எனக்கு மிக முக்கியமாகப் படுவது: கம்ப்யூட்டர் வாசித்ததை வைத்து யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். அதற்கு விரல் கிடையாது, எட்டாத தூரமும் கிடையாது. எட்டு வெள்ளைக் கட்டைகள் கொண்ட ஆக்டேவ் பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு எட்டும். பத்தாவது கட்டையைச் சேர்த்துப் பிடிக்கப் பலராலும் முடியாது. இன்னொன்று, பியானோவின் நடுவில் இருக்கும் மிடில் சி கட்டைக்கு இரண்டு ஆக்டேவ் கீழே சி, இ, ஜி மூன்று கட்டைகளையும் நெருக்கமாக அழுத்திப் பாருங்கள். கலங்கலாக உறுமும். அடியில் சி, அதற்கு மேல் ஜி, இ-யை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே என்று விரித்து, ஒலியை நீட்டித்து நிறுத்தும் கால் பெடலின் துணையோடு ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அதே கார்டு (சுரக்கூட்டு) தெளிவாகிவிடும். இந்த மாதிரி விஷயங்கள் நிஜப் பியானோவில்தான் பிடிபடும்.

அதனால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் நோட்ஸைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் கவனியுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நீங்கள் எழுதிய விதம் குழப்புகிறது, இல்லையென்றால் கைக்கு அது ஒத்துவரவில்லை. எங்கே நீங்கள் குறிக்காமலேயே அவராக வேகத்தைக் குறைக்கிறாரோ, அதையும் குறித்து வையுங்கள். அந்த இடம் மூச்சுவிடக் கேட்கிறது. பெடல், சத்த அளவு பற்றி அவர் ஏதாவது கேட்டால், நோட்ஸில் அது இல்லை என்று அர்த்தம், எழுதிச் சேருங்கள்.

இதையெல்லாம் திருத்தி, அவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, ஆசிரியரிடம் மறுபடி போங்கள். வெட்டலாமா என்று கேட்காதீர்கள். நோட்ஸைக் கையில் கொடுத்து, "எந்த பாரிலிருந்து (தாளக் கட்டத்திலிருந்து) நீளமாகத் தெரிய ஆரம்பித்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடம் உங்கள் நடுப்பகுதிக்கு முன்னால் இருந்தால், கத்தரிக்க வேண்டியது அங்கேதான்.