கள அலுவலகத்தில் கணக்கையும் ஊழியர்களையும் ஒருவரே எப்படிக் கவனிப்பது?

பன்னாட்டு வளர்ச்சித் திட்டம் ஒன்றின் கள அலுவலகப் பொறுப்பு வந்திருக்கிறது, கணக்கு, ஊழியர் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செலவுக்கு ஒப்புதல் தருபவர், பணத்தைக் கையாளுபவர், கணக்கு எழுதுபவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். நாலைந்து பேரே உள்ள இடத்தில் இது கஷ்டம்தான். அப்படியானால் வங்கி அறிக்கையையும் உங்கள் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையையாவது தலைமை அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சில்லறைச் செலவுப் பெட்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணுங்கள். கையில் உள்ள ரொக்கமும் செலவான பணம் இன்னும் பெட்டிக்குத் திரும்ப வராத ரசீதுகளும் சேர்ந்து, பெட்டிக்கு ஒதுக்கிய தொகைக்குச் சரியாக வர வேண்டும். எண்ணி முடித்ததும் காசாளரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். இது காசாளரைச் சந்தேகப்படுவது அல்ல. நாளை அவர்மேல் பழி வந்தால் அந்தக் கையெழுத்துதான் அவரைக் காப்பாற்றும்.

நிதி டாலரில் வந்து செலவு உள்ளூர் நாணயத்தில் போகும்போது, மாற்று விகிதம் பட்ஜெட்டையே புரட்டிவிடும். பட்ஜெட்டில் போட்ட விகிதத்தையும் இப்போதைய விகிதத்தையும் மாதாமாதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் சம்பளம். ஒருவர் இரண்டு திட்டங்களில் வேலை செய்தால், பட்ஜெட்டில் போட்ட சதவீதப்படி அல்ல, உண்மையில் உழைத்த நேரப்படி சம்பளத்தைப் பிரித்து எழுதுங்கள். அமெரிக்க அரசின் நிதி என்றால், பொதுவாக இறுதி நிதி அறிக்கை கொடுத்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஊழியர் விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, திட்டம் முடியும் தேதியை மறைக்காமல் இருப்பது. வேலை போகப்போகிறது என்பதைக் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள். உள்ளூர்ச் சட்டப்படி தர வேண்டிய பணிமுடிவுத் தொகையை முதல் மாதத்திலிருந்தே பட்ஜெட்டில் ஒதுக்குங்கள்.