மொரீஷியஸில் வேலை பார்க்கும் இந்தியர் அங்கே ஓட்டுப் போடலாமா? எப்படிப் போடுவது?

போடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போடலாம், குடியுரிமை மாற வேண்டியதில்லை. காமன்வெல்த் (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் காலனிகளின் கூட்டமைப்பு, இந்தியாவும் அதில் உண்டு) நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், இரண்டு வருடமாவது தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும், குடியிருக்கும் தொகுதியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பிரான்சிலிருந்து வந்து கடற்கரையில் பங்களா வாங்கியவருக்கு இந்த உரிமை கிடையாது. திருப்பூரிலிருந்து நிட்டிங் மெஷின் ஃபிட்டராக வந்த எனக்கு உண்டு. இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

கேள்வி கேட்டவர் அநேகமாக மில் டார்மெட்டரியில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் 2014ல் வந்து மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்போது ஓட்டைப் பற்றி எங்களில் யாரும் யோசித்ததே இல்லை. ஓவர்டைம், ஊருக்குப் பணம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, இவ்வளவுதான் வாழ்க்கை. அப்புறம் ரோஸ்ஹில்லில் ஒரு தமிழ்ப் பெரியவர் வீட்டு மாடியில் வாடகைக்குப் போனேன். ஒரு ஜனவரியில் பட்டியல் எழுதுகிறவர் வீடு வீடாக வந்தார். இங்கே அது வருடா வருடம் நடப்பது. வீட்டுக்காரர் மாடியைப் பார்த்து, "தம்பி, பாஸ்போர்ட் கொண்டா" என்று கத்தினார். ஏதோ விசா பிரச்சினை என்று பயந்துகொண்டே இறங்கி வந்தேன். வந்தவர் பார்த்து, எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். பெயர் ஏறிவிட்டது.

கீழே வந்து "பிழைக்கப் போன இடத்தில் உனக்கெதற்கு அரசியல்" என்று எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். விதி நான் போட்டது இல்லை, இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இங்குள்ளவர்களுக்கும் இதில் வருத்தம் உண்டு. பங்களாதேஷும் காமன்வெல்த் நாடுதான், அதனால் மில்களில் வேலை பார்க்கும் பங்களாதேஷ் பையன்களின் பெயர் பட்டியலில் இருப்பது 2019ல் பெரிய சர்ச்சையானது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வடமாநிலத்துக்காரருக்குத் திருப்பூரில் ஓட்டா என்று நம் ஊர் டீக்கடையில் பேசினதை நான் கேட்டிருக்கிறேன். பேசியும் இருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

இப்போது எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். என் முதல் ஓட்டு குப்பைக்குப் போனது.

2019 நவம்பர் 7. என் தொகுதி ஸ்டான்லி–ரோஸ்ஹில். ஆனால் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், "நிமெரோ 19" என்றுதான் சொல்வார்கள். நாட்டில் மொத்தம் 21 தொகுதிகள். தீவில் இருக்கும் 20 தொகுதிக்கும் தலா 3 உறுப்பினர்கள், 21-ஆவதான ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2 பேர். ஆக 62. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். ஒரு மாதமாகத் தெருவெல்லாம் சிவப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாகத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூலைக்கு மூலை கட்சிக் கொட்டகை, அதை இங்கே "பாஸ்" என்பார்கள். கொட்டகைதோறும் பிரியாணி. எல்லாக் கட்சிப் பிரியாணியையும் சாப்பிட்டேன். இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் திருப்பூரில் தேர்தல் நேரத்தில் இருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். நம் ஊர் மாதிரியே வரிசை, அறை எண், அடையாள அட்டை பார்ப்பது, பெயரைச் சத்தமாகப் படிப்பது, கட்சி ஏஜென்டுகள் தலையை ஆட்டுவது எல்லாம் உண்டு. விரலில் மை மட்டும் வைக்கவில்லை. மை வைக்காமல் உள்ளே விட்டதே எனக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இல்லை. மெஷினும் கிடையாது, காகிதச் சீட்டுதான். நம் ஊரில் பட்டனை அமுக்கி, "பீப்" சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. இங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும், கட்சி வாரியாக இருக்காது. ஒரு கட்சியின் மூன்று பேரில் ஒருவர் உச்சியில், ஒருவர் நடுவில், இன்னொருவர் அடியில் இருப்பார். பக்கத்தில் சின்னம். இங்குள்ள பெரிய கட்சிகளில் சாவி என்றால் லேபர், இதயம் என்றால் எம்.எம்.எம்., சூரியன் என்றால் எம்.எஸ்.எம். சூரியனைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கோவைப் பக்கத்து நினைவு வந்துவிட்டது. இது நம் ஊர்ச் சூரியன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று பேருக்குப் போடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த "லாம்"தான் என்னைக் கெடுத்தது. மூன்று வரை போடலாம் என்று புரிந்துகொண்டேன். எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர். எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வீட்டுக்காரரின் முழங்கால் வலியை விசாரித்துப் போனவர். மற்றவர்களை எனக்குத் தெரியாது, தெரியாதவருக்கு ஏன் போட வேண்டும்? அவர் பெயருக்கு நேராக அழகாக ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டேன். நேர்மையாக ஓட்டுப் போட்டதாக நினைப்பு. வரும் வழியில் மிளகாய் வடை வாங்கித் தின்றேன். "காத்தோ பிமான்" என்பார்கள். நம் பருப்பு வடையேதான், கோலிக்குண்டு அளவில் இருக்கும்.

வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பேசுவது கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சு மொழி), நடுநடுவே தமிழ். தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர்.

"புளோக்கா, கூப்பே த்ரான்சேயா?" என்றார்.

புளோக் என்றால் மூன்றையும் ஒரே கட்சிக்குப் போடுவது. கூப்பே த்ரான்சே என்றால் வெட்டிப் பங்கு போடுவது, ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று.

"இரண்டும் இல்லை ஐயா, ஒருத்தருக்கு மட்டும்தான் போட்டேன்."

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "த்ருவா லாக்ருவா, தம்பி! மூணு குறி! மூணு இல்லேன்னா சீட்டு செத்துப்போச்சு!"

அதேதான் விதி. மூன்று உறுப்பினர் தொகுதியில் சரியாக மூன்று பேருக்குக் குறி போட வேண்டும். நான்கு போட்டாலும் செல்லாது, இரண்டு போட்டாலும் செல்லாது. "போடலாம்" இல்லை, "போட வேண்டும்". அந்த அறையில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுக்காரன் தெரியாமல் நிற்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் கேட்கவில்லை.

ஏன் இப்படி ஒரு கட்டாயம் என்று கோபத்தோடு கேட்டேன். ஆளாளுக்கு ஒரே ஒருவரைக் குறி வைத்துப் போட்டால் இந்து இந்துவுக்கும், முஸ்லிம் முஸ்லிமுக்கும், கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர்) கிரியோலுக்கும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றார் அவர். மூன்று போடச் சொன்னால் ஒன்றாவது அடுத்தவனுக்கு விழும், கட்சிகளும் கலந்து ஆள் நிறுத்தும். அவர் விளக்கம் இது. இந்த மூன்று உறுப்பினர் முறை 1967 தேர்தலிலிருந்து இருக்கிறது. நல்ல முறையா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த 2019ல் ஜெயித்த கூட்டணிக்கு விழுந்தது 37 சதவீதம் சொச்சம் ஓட்டுதான், ஆனால் ஆட்சி அமைக்கத் தாராளமான பெரும்பான்மை கிடைத்தது. இதைச் சொன்னால் ஒரு கட்சிக்காரர் சண்டைக்கு வருவார், சொல்லாவிட்டால் இன்னொருவர் வருவார்.

இங்கே ஓட்டு எண்ணுவது மறுநாள்தான். வெள்ளிக்கிழமை மில்லில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொகுதி முடிவு சொல்லும்போது செல்லாத ஓட்டு இத்தனை என்று ஓர் எண் சொன்னார்கள். மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணில் ஒன்று நான் என்று பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியாது. இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதுவதுதான் முதல் தடவை.

என்னை ஏன் அது அவ்வளவு உறுத்தியது என்றால், ஊரிலும் எனக்கு ஓட்டு இல்லாத மாதிரிதான். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் 6ஏ படிவம் கொடுத்துப் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் பதிவு அன்றைக்கு நேரில் போய், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். தபால் ஓட்டு நமக்குக் கிடையாது. ராணுவத்தில் இருப்பவருக்கு உண்டு, தூதரக அதிகாரிக்கு உண்டு, நூல் பிசிறைத் தின்று ஊருக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு இல்லை. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு. என் அம்மா 76 வயதில் வெயிலில் நின்று போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் போய் வர விமானச் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று யாரைக் கேட்பது? ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இங்கேயும் வெளிநாட்டில் இருக்கும் மொரீஷியஸ்காரர்கள் தபாலில் போட முடியாது. தேர்தல் வேலையில் இருப்பவர், போலீஸ்காரர், வேட்பாளர் போன்ற சிலர் மட்டும் பதிலாள் வைத்துப் போடலாம்.

வீட்டுக்காரருக்கு வேறு ஒரு குறை உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. 62 பேர் போக, தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கிய 8 பேர் வரை சமூக வாரியாக எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு நாட்டு மக்களை இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத "பொது மக்கள்" என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கணக்கு இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படிதான். அதில் தமிழருக்குத் தனி இடம் இல்லை, இந்துவோடு சேர்த்தி. "கோயில் வேற, காவடி வேற, கணக்கில மட்டும் ஒண்ணா?" என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். வாடகைக்கு இருக்கிறவன் எவ்வளவு பேசலாம் என்று ஓர் அளவு இருக்கிறது.

அந்தப் பேச்சு அப்படியே ரூபாய் நோட்டுக்குப் போய்விடும். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். நம் ஊரிலேயே நாம் மறந்துபோன எண்கள் அவை. 1998ல் வந்த புது நோட்டில் தமிழை மூன்றாவதாகத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள், அடுத்த வருடமே அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வீட்டுக்காரர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பயணிகள் அந்த நோட்டை நீட்டினால் கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வாராம். நான் கொடுக்கும் நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் படமும் ஒரு தமிழர்தான், ரங்கநாதன் சீனிவாசன். பெரியவர் அந்தப் படத்தை மேலே பார்க்க அடுக்கித்தான் பணத்தை எண்ணுவார்.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை முந்தின நாளே ஒரு காகிதத்தில் மூன்று பெயரை எழுதி மனப்பாடம் செய்தேன், பரீட்சைக்குப் போகிற மாதிரி. கூப்பே த்ரான்சேதான் போட்டேன். ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று. யார் யார் என்று சொல்ல மாட்டேன். மூன்று குறியையும் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினேன். வெளியே வந்து தூரத்திலிருந்தே வீட்டுக்காரரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். அவர் நான்காவதாக ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார்.

மறுநாள் முடிவு வந்தபோது தீவில் இருக்கும் 60 இடத்தையும் ஒரே கூட்டணி அள்ளிக்கொண்டது. இதற்கு முன்பும் 1982லும் 1995லும் இப்படி 60-க்கு 60 நடந்திருக்கிறது. ஆக, என் மூன்றில் ஒன்று வீண். ஆனால் எண்ணிவிட்டுத் தோற்ற ஓட்டு அது. 2019ல் போட்டதை எண்ணவே இல்லை.

நகராட்சித் தேர்தல் என்றால் வார்டுக்கு 4 உறுப்பினர், கிராம சபை என்றால் 9 பேர். அங்கே விதி வேறாக இருக்கலாம், எத்தனை குறி என்று உள்ளே போனதுமே வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். டார்மெட்டரியில் இருந்தால் பட்டியல் எழுதுகிறவர் எப்போது வருகிறார் என்று டிசம்பரிலேயே விசாரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டை மில் ஆபீஸில் வாங்கி வைத்திருந்தால் அதையும் அதற்குள் திரும்ப வாங்கிவிடுங்கள். அது உங்களுடையது, கேட்கலாம்.