மதுரையில் மன ஆலோசனை மையத்துக்குப் பெயரும் லோகோவும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டது இது: உளவியலில் முதுகலை முடித்திருக்கிறீர்கள், மதுரை அண்ணா நகரில் மாடியில் இரண்டு அறை பிடித்து தனிமனித வளர்ச்சிக்கான தெரபி மையம் தொடங்கப் போகிறீர்கள். 'புதிய விடியல் க்ரோத் தெரபி சென்டர்' என்று ஒரு பெயர், இரண்டு இலை விட்ட தளிருக்குப் பின்னால் சூரியன் உதிப்பதாக ஒரு லோகோ. வைக்கலாமா?

வைக்க வேண்டாம். பெயரில் குற்றமில்லை, நம்மூர்க் காதில் அது வேறாக விழும், அதுதான் சிக்கல். உங்களிடம் வருகிறவர் ஏற்கெனவே தயங்கித் தயங்கி வருகிறவர். போர்டைப் பார்த்து 'இது நமக்கில்லை' என்றோ, 'இங்கே ஏறுவதை யாராவது பார்த்தால்?' என்றோ ஒரு நொடி தோன்றினால் போதும், படியேற மாட்டார்.

ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். 'தெரபி' என்று தனியாக எழுதினால் பலர் பிசியோதெரபி என்றே படிப்பார்கள், முழங்கால் வலிக்கு விசாரிப்பார்கள். 'வளர்ச்சி' என்றால் முடி வளர்ச்சி, உயரம், குழந்தை வளர்ச்சி. 'கவுன்சலிங்' இன்னும் சிரமம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு என்ற பொருள்தான் முன்னால் நிற்கும். கட் ஆஃப் சொல்லி எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று போன் வரும். 'விடியல்', 'புதுவாழ்வு', 'மறுவாழ்வு' எல்லாம் குடிப்பழக்கத்துக்கு அட்மிஷன் போடும் இடங்களை நினைவுபடுத்துபவை. 'தெளிவு' அழகான சொல், ஆனால் 'தெளிஞ்சிருச்சா?' என்று நாம் எதற்குக் கேட்போம் என்று யோசியுங்கள். 'வாழ்க்கை வழிகாட்டி' ஜோசியம். 'ஒளி', 'அருள்', 'சாந்தி' ஜெபக்கூடம் அல்லது தியான மண்டபம். 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு.

ஆகவே ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட முயலாதீர்கள். பெயரை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். மேலே உங்களுக்கே உரிய ஒரு சொல், இரண்டு முதல் நான்கு எழுத்துக்குள். கீழே சின்னதாக, என்ன நடக்கும் இடம் என்று நேராகச் சொல்லும் வரி: 'மன ஆலோசனை, தனிநபர் பயிற்சி'. விளக்கும் வேலை முழுவதும் கீழ் வரிக்கு; மேல் சொல் விளக்கவே வேண்டாம். நாளைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தம்பதியர் ஆலோசனை மட்டும் என்று மாறினாலும் கீழ் வரியை மாற்றினால் போதும்.

மேல் சொல்லுக்கு மீனாட்சி, வைகை, பாண்டியன், கூடல், மல்லிகை பக்கம் போகாதீர்கள். மெஸ்ஸிலிருந்து மெடிக்கல் ஷாப் வரை அவைதான். கூகுள் மேப்பில் தேடுகிறவர் வேறு வாசலில் போய் நிற்பார். அதே நேரம் ஊருக்கு அந்நியமான சமஸ்கிருதக் கூட்டுச் சொற்களும் வேண்டாம். நாம் புழங்கிய இடங்களின் பெயர்களில் நல்ல சொற்கள் கிடக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்று பார்க்க வேண்டும்.

'முற்றம்' எடுத்துக்கொள்வோம். எழுத்தில் நிறைவாக இருக்கிறது. பேச்சில் அது 'முத்தம்' ஆகிவிடும். 'முத்தத்துக்குப் போறேன்' என்று ஒரு பெண் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியாது. 'கரை' நல்ல உருவகம். நம் உச்சரிப்பில் கரையும் கறையும் ஒன்றுதான். 'மடை' என்றதும் 'மடையா' ஞாபகம் வரும். 'நிழல்' என்று எழுதுவோம், 'நிளல்' என்று சொல்வோம், ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு எழுத்து போடுவார்கள். 'திண்ணை' பலருக்கும் முதலில் தோன்றும் சொல். ஆனால் திண்ணையில் பேசியது தெருவுக்கே கேட்கும்; ரகசியம் காக்க வேண்டிய தொழிலுக்கு அது நேர் எதிர்.

'மதகு' இந்தச் சோதனையில் ஓரளவு தேறுகிறது. கண்மாய்த் தண்ணீரைக் கரை உடையாமல், வேண்டிய அளவு திறந்துவிடுவது மதகு. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். நகரத்து இளைஞர்களில் சிலர் 'அப்படின்னா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலே உங்கள் தொழிலுக்கு அறிமுகம். குறை என்னவென்றால் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம்: Madagu, Madhagu, Mathagu. முக்கியமான இரண்டு எழுத்துக்கூட்டிலாவது டொமைன் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

இறுதிப் பட்டியலில் மூன்று சொல் நின்றதும் போன் சோதனை செய்யுங்கள். உங்களுக்கு அறிமுகமில்லாத பத்துப் பேர், ஐந்து பேராவது நாற்பது வயதுக்கு மேல். போனில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 'இது என்ன கடையாக இருக்கும்?' என்றும் கேளுங்கள். ஏழு பேராவது தமிழில் சரியாக எழுத வேண்டும். மூன்று பேருக்கு மேல் ஒரே தவறான தொழிலைச் சொன்னால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். பெயரைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஆட்கள் முகத்துக்காக 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது சட்டம். உங்கள் படிப்புக்கு மீறிய சொல் போர்டில் வரக்கூடாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. 'கிளினிக்', 'மருத்துவமனை' என்றால் உள்ளே டாக்டர் இருப்பார், மாத்திரை எழுதுவார் என்று நம்பி வருவார்கள். அந்த எதிர்பார்ப்போடு நெருக்கடியில் ஒருவர் வந்து நின்றால் ஆபத்து அவருக்குத்தான். 'குணமாகும்', 'உத்தரவாதம்' போன்ற சொற்களையும் தொடாதீர்கள்.

டிரேட்மார்க்கை போர்டு அடிப்பதற்கு முன்பே பாருங்கள். டிரேட்மார்க் பதிவுக்கான அரசுத் தளமான ஐபி இந்தியாவின் பொதுத் தேடலில், சேவைகளைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் 44, 41 இரண்டிலும் தேட வேண்டும். ஆலோசனை, உளவியல் சேவை 44இல் வரும். பயிற்சி, பட்டறை 41இல் வரும். எழுத்து ஒப்பீட்டோடு ஒலி ஒப்பீட்டுத் தேடலையும் போடுங்கள், தமிழ்ச் சொல்லுக்கு அதுதான் முக்கியம். 'மன வளர்ச்சி மையம்' போல சேவையை அப்படியே விவரிக்கும் பெயரை 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டி நிராகரிக்க வாய்ப்பு அதிகம். தொழிலோடு நேர்த் தொடர்பில்லாத சொல்லுக்கு அங்கேயும் பலம். விண்ணப்பம் ஃபார்ம் டிஎம்-ஏ. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. தமிழ் எழுத்தில் பதிவதானால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் லோகோவை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பதியுங்கள். லோகோ மாறினாலும் சொல் நிற்கும். விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியான பிறகு நான்கு மாதம் ஆட்சேபத்துக்கு அவகாசம், பதிவானால் 10 ஆண்டு. அதுவரை 'டிஎம்' மட்டும் போடலாம். பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது குற்றம்.

இப்போது லோகோ. உங்கள் தளிரில் இரண்டு இலை, பின்னால் உதிக்கும் சூரியன். தமிழ்நாட்டில் இது இரட்டை இலையும் உதயசூரியனும்; ஒரே போர்டில் இரண்டு கட்சி. இணையத்தில் கிடைக்கும் வளர்ச்சி லோகோக்களில் பாதி தளிர், உதயம், தாமரை, விரிந்த கை என்றுதான் இருக்கும். நான்குமே இங்கே தேர்தல் சின்னங்கள். நிறத்திலும் கவனம் வேண்டும். கறுப்பு சிவப்பு கட்சிக்கொடி. தென் மாவட்டங்களில் சில இரட்டை நிறச் சேர்க்கைகளைச் சாதி அடையாளமாகவே படிப்பார்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறவரும் 'இது அவங்க இடம்' என்று நினைத்துத் திரும்பிவிடக் கூடாது. ஒரே நிறம், கூடவே வெள்ளை அல்லது அடர் சாம்பல் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. விளக்கு, சிலுவை, பிறை, ஓம் எதுவும் வேண்டாம். வெள்ளைமேல் சிவப்புக் கூட்டல் குறியும் கூடாது. 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அதை அனுமதியின்றித் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. தலைக்குள் பல்சக்கரம், தலைக்குள் மரம் ஆகியவற்றைச் சட்டம் தடுக்காது. ஆனால் 'மூளையில் கோளாறு' என்று சொல்லும் படத்தின் கீழ் நின்று செருப்பைக் கழற்ற யாருக்கும் மனசு வராது.

மதகையே உதாரணமாக வைத்தால் வரைவது எளிது: இரண்டு கல்தூண், நடுவில் பாதி தூக்கிய பலகை, கீழே ஒரே ஒரு நீர்க்கோடு. மொத்தம் நான்கு வடிவம். அதற்கு மேல் சேர்த்தால் வாட்ஸ்அப் வட்டப் படத்தில் கரைந்துபோகும். வரைந்ததைக் கால் அங்குலத்துக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதில் தெரிந்தால் எதிலும் தெரியும்.

எழுத்துருவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. முக்த மலர், கேடமரன், ஊர்ப்பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை ஆகிய மூன்றும் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தவறு நடப்பது ஃபிளெக்ஸ் கடையில். நீங்கள் யூனிகோடில் அனுப்பிய வரியை அவர்கள் பழைய மென்பொருளில் திறந்தால், 'ஆலோசனை'யின் 'லோ' பிளந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று நிற்கும். அவசரத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்ப அடித்துவிடுவார்கள், உங்கள் எழுத்துரு போய்விடும். எனவே கோப்பைக் கொடுக்கும் முன் எழுத்துகளைக் 'கர்வ்' ஆக்க, அதாவது படம்போல வெறும் வடிவங்களாக மாற்றச் சொல்லுங்கள்; பிடிஎஃப் ஒன்று, கோரல்டிரா ஒன்று. நிறத்தை அச்சுக்கான சிஎம்ஒய்கே எண்களாக எழுதிக் கொடுங்கள், திரையில் மின்னும் பச்சை ஃபிளெக்ஸில் மங்கிவிடும்.

போர்டில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தொழிலாளர் துறை சொல்லும் விகிதம் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2. பத்தடிக்கு ஒரு அங்குல எழுத்து உயரம் என்று கணக்குப் போடுங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் அறுபதடி என்றால் ஆறு அங்குலம். மாடியில் இருப்பதால் கீழே படிக்கட்டு வாசலில் இன்னொரு சின்னப் பலகை அவசியம். தயங்குகிறவரை யாரிடமும் வழி கேட்க வைக்காதீர்கள்.

லோகோ வரைந்தவரிடம் காசு கொடுத்த ரசீது மட்டும் போதாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதும்' என்று ஒரு வரி சேருங்கள். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் செய்ததென்றால் அந்தப் படம் உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது.

கடைசியாக, பெயர் போர்டில் மட்டும் வருவதில்லை. ஜிபே செய்தவரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரும், நீங்கள் அவருக்கு போன் அடிக்கும்போது ட்ரூகாலரில் வரும், கைப்பையில் இருக்கும் ரசீதில் வரும். இந்த மூன்றிலும் மேல் சொல்லை மட்டும் வையுங்கள், 'மன ஆலோசனை' என்ற கீழ் வரி வேண்டாம். மாமியார் போனை எட்டிப் பார்த்தாலும் 'மதகு' என்றுதான் இருக்கும். அது என்ன என்பதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று வந்தவரே முடிவு செய்துகொள்ளட்டும்.