பீடியை எண்ணினால் போதுமா?
வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ஒரு நாளைக்கு 25 பீடி குடித்தவர், இப்போது எட்டுதான் குடிக்கிறார். விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் அளவு 97 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் மூச்சிரைப்பு குறையவே இல்லையே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பீடி மூன்றில் ஒன்றாகிவிட்டது என்பதற்காகப் புகையும் மூன்றில் ஒன்றாகிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். நிகோட்டின் போதாதபோது உடம்பு கேட்கும். எட்டையும் ஆழமாக இழுத்து, விரல் சுடும்வரை குடிப்பார்கள்.

அந்த 97-ஐயும் நம்ப வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகவே அந்தக் கருவி எண்ணிவிடும்.

மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி நெஞ்சக மருத்துவர்கள் சிலரிடமும் புகை நிறுத்த மையங்களிலும் இருக்கிறது. நன்றாக மூச்சை இழுத்து, 15 விநாடி அடக்கி, மெதுவாக முழுக்க ஊத வேண்டும். 6 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 6 பங்கு) கீழே வந்தால் புகைக்காதவர் அளவு. சில மையங்கள் 10 வரை ஒத்துக்கொள்ளும். இந்த வாயு நாலைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று அளந்து ஒப்பிட்டால் குழப்பம்தான். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்புக்காரர்களால் 15 விநாடி அடக்க முடியாமல் போகும், அப்போது அளவு குறைவாகக் காட்டும். எத்தனை விநாடி அடக்கினார் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். விறகடுப்புப் புகையும் இந்த அளவை ஏற்றும் என்பதால், கூடியதுமே "ஒளிஞ்சு குடிச்சீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த முறை பரிசோதனைக்கே வரமாட்டார்.

எட்டு என்பது பாதி வழிதான். அமெரிக்கா, கனடாவில் 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றில், புகையை விடாத ஆண்கள் முதல் விநாடியில் ஊதும் காற்றில் ஆண்டுக்கு 66 மில்லி இழந்தார்கள். அடியோடு விட்டவர்கள் இழந்தது 30 மில்லி.

கேள்வி: நிகோட்டின் சூயிங்கம் போட்டால் விக்கலும் வயிற்றெரிச்சலும் வருகிறது. ஆசையும் அடங்கவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றிருப்பீர்கள். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போனால் எரிச்சல்தான் மிச்சம். அது கன்னத்தின் உள்தோல் வழியாக ஏற வேண்டும். மிளகு கடித்த மாதிரி காரம் வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். காரம் போனதும் மறுபடி சில தடவை மென்று, பக்கம் மாற்றி ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, எலுமிச்சைச் சாறு கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் ஏறாது. டீக்கடையில் பீடிக்குப் பதிலாக இதைப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. தேவைப்படும். இன்னொன்று: சூயிங்கம் போடும் நாட்களில் சிறுநீரில் கோட்டினின் (நிகோட்டின் உடம்பில் சிதைந்து உண்டாகும் பொருள்) பார்க்கும் பரிசோதனை 'புகையிலை உண்டு' என்றே சொல்லும். மூச்சுக் கருவிக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

கேள்வி: சிகரெட்டை விட்டு பத்து நாள். இருமலும் சளியும் கூடியிருக்கிறது. குமட்டல், படபடப்பு, கைநடுக்கம் வேறு. விட்டதுதான் தப்போ? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இரண்டும் வேறு வேறு. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்போது சில வாரம் இருமல் கூடலாம். காய்ச்சலோ, பச்சைச் சளியோ, மூச்சிரைப்புக் கூடுதலோ இருந்தால் மட்டும் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படபடப்புக்கு உங்கள் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் இருக்கிறதா? புகையிலுள்ள தார், கல்லீரலில் அந்த மருந்தை வேகமாகச் சிதைக்க வைக்கும். புகை நின்ற ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் குறையும். பழைய அளவே உடம்புக்கு அதிகமாகிவிடும். பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குறைக்க வேண்டிவரும். நீங்களே உடைத்துப் போடாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். குழாயைக் கழற்றிவிட்டு ஒரு பீடி குடித்தால் பரவாயில்லையா? (வாசகர், சேலம்)

பதில்: கூடாது. சட்டை, போர்வை, தாடியில் ஆக்ஸிஜன் தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டாலே முகம் வெந்துவிடும். அந்த அறையில் மற்றவர்களும் பற்றவைக்கக் கூடாது, சாமி விளக்கும் ஊதுபத்தியும் வேறு அறைக்குப் போகட்டும்.