பாட்டி ஏன் எழுந்து போனார்?

கேள்வி: எனக்கு 41 வயது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து உயிராய்ப் பழகும் நண்பன் லாரித் தொழிலுக்கு 80,000 ரிங்கிட் வங்கிக் கடன் கேட்டிருக்கிறான். நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக் கடனை நானும் மனைவியும் சேர்ந்து கட்டுகிறோம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு வாரமாகப் பேச்சில்லை. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ எனக்கும் நண்பனுக்கும் உயிரான படம். போரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு ரயில் பாலம் கட்டும் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கதை. அந்தச் சிப்பாய்களைப் போல ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருப்பவர்கள் நாங்கள். போன வாரம்கூட வீட்டில் பார்த்தோம். பாட்டி மட்டும் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போனவராம். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, ஜாமீன் கடிதங்கள் எனக்கு மாதம் தவறாமல் வருகின்றன. நண்பர் கட்டாவிட்டால் வங்கி உங்கள் கதவைத் தட்டும். அது உங்களுக்கே தெரியும்.

என்னால் தாண்டிப் போக முடியாதது அந்தப் ‘போனவராம்’. ஒரே கூரையின் கீழ் பாட்டி இருக்கிறார். அவருடைய அப்பா சயாம் மரண ரயிலுக்குப் போனதை, பக்கத்து வீட்டுச் செய்தி போல ‘ஆம்’ போட்டு எழுதுகிறீர்கள். 41 வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லையா?

1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்டு முடித்த அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். அங்கே மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுடைய பேர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கூலி தருகிறோம் என்று சொல்லியும், பிடித்து ஏற்றியும் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர்களை ஒழுங்காக எண்ணி வைக்கக்கூட ஆளில்லை. உங்கள் படத்திலும் அவர்களுடைய கதை கிடையாது. மலாயா விடுதலை பெற்ற அதே 1957-இல் வந்த படம் அது. காட்டையும் ஆற்றையும் இலங்கையில் போய் எடுத்தார்கள்.

திரையில் பாலம் எழும்ப எழும்ப, பாட்டி அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தார்? கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாரா? சும்மா நின்றாரா? நீங்கள் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. தோழமையைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

சரி, படத்தில் அந்தச் சிப்பாய்களுக்குத் தலைவரான கர்னலுக்கே வருவோம். தன் அதிகாரிகளைக் கூலி வேலைக்கு அனுப்ப மறுத்து, தகரக் கூண்டுக்குள் வெயிலில் வேகிறாரே, அவரை நானும் மதிக்கிறேன். வலி முழுக்க அவர் உடம்பில். அப்புறம் என்ன ஆனார்? எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் காட்டுவதே தன் ஆட்களுக்குப் பெருமை என்று பிடித்துக்கொண்டார். கெடு நெருங்கியதும் நோயாளிகள் படுத்திருந்த கொட்டகைக்குள் நுழைந்து, இலேசான வேலைதான் என்று சொல்லி அவர்களையும் கிளப்பிக்கொண்டு வந்தார். அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! இன்றைக்கு அந்தக் கொட்டகையில் படுத்திருப்பது உங்கள் மனைவி. ‘வெறும் கையெழுத்துதான்’ என்று சொல்லி அவரை எழுப்பப் பார்க்கிறீர்கள்.

நான் பழைய காலத்து மனுஷி. நண்பனுக்காக உங்கள் தூக்கத்தை, உங்கள் உழைப்பை, உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளைகளின் கூரை இருவருடையது. அதை ஒருவர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தியாகம் என்று பேர் வைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் கொள்ளுத்தாத்தாவை ஏற்றிக்கொண்டு போனபோது, லயத்து வாசலில் நின்ற அவர் மனைவியிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அந்த அம்மா அப்புறம் எதை விற்று, எதை அவித்துப் பிள்ளைகளை வளர்த்தார் என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

கையெழுத்துப் போடாதீர்கள். நண்பரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே-யில் (AKPK) காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள். வரவு செலவுக் கணக்கோடு அவரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே உட்காருங்கள்.

இன்றைக்கு ராத்திரி டிவியை அணைத்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள். பாட்டியின் அப்பா பேர் என்ன, எந்தத் தோட்டம், எந்த மாதம் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இன்னொரு நாள் நண்பரையும் வரச் சொல்லுங்கள். அவர் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார் என்று அவரும் கேட்காமலே இருந்திருக்கலாம்.