குழந்தையைக் காணவில்லை: முதல் சில நிமிடங்கள்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. போன வாரம் ஒரு கூட்டத்தில் கையை விட்டுவிட்டாள். திரும்பக் கிடைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "தெரியாதவர்களோடு பேசாதே" என்று சொல்லித்தான் வளர்க்கிறேன். அது போதுமா? 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகார் வாங்குமாமே?

பதில்: போதாது. தெரியாதவர் என்றால் யார் என்று உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒரு சிறுவன், "தாடி வச்சுக்கிட்டு முறைப்பாங்க" என்றான். பக்கத்தில் தாடியோடு உட்கார்ந்திருந்த அவன் அப்பா சிரித்துவிட்டார். "என் நாய்க்குட்டியைக் காணோம், தேட வர்றியா?" என்று கெஞ்சுகிற ஆள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார். அதோடு, குழந்தையைக் கொண்டுபோகிறவர் பல நேரம் தெரிந்தவர்தான்; பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

அதனால் ஆளைக் காட்டிப் பயமுறுத்துவதை விட்டு ஒரு வழக்கத்தைப் பழக்குங்கள்: யார் கூப்பிட்டாலும், சொந்த மாமாவே ஆனாலும், உங்களிடம் சொல்லாமல் போகக் கூடாது. யாராவது பிடித்து இழுத்தால் வெறுமனே அழுதால் போதாது. குழந்தை அடம்பிடிக்கிறது என்று நினைத்து, பார்ப்பவர்கள் போய்விடுவார்கள். "இவர் எங்கப்பா இல்லை!" என்று கத்த வேண்டும். வீட்டிலேயே கத்த வைத்துப் பழக்குங்கள். முதல் தடவை குரலே வராது.

24 மணி நேரக் கதையை நம்பவே வேண்டாம். அப்படிக் காத்திருக்கச் சொல்வதை அமெரிக்கா 1990-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. போலீசோடு சேர்த்துக் குழந்தைகள் உதவி எண்ணையும் கூப்பிடுங்கள்: இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

கூட்டத்தில் தொலைந்தால் வாயை மூடிக்கொண்டு தேடாதீர்கள். "மஞ்சள் கவுன், 6 வயசு, ரெட்டைச் சடை!" என்று அடையாளத்தைச் சொல்லிக் கத்துங்கள். பேரை மட்டும் கூப்பிட்டால் மற்றவர்களுக்கு யாரைத் தேடுவது என்று தெரியாது. கிளம்பும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், என்ன உடுத்தியிருந்தாள் என்று பதற்றத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. அருகில் குளம், கிணறு இருந்தால் முதலில் அங்கே ஓடுங்கள்.

வீட்டிலிருந்து காணாமல் போனால் கட்டிலடி, அலமாரி, காரின் பின்பெட்டி, வாஷிங் மெஷின் வரை திறந்து பாருங்கள். சின்னக் குழந்தைகள் ஒளிந்த இடத்திலேயே தூங்கிவிடுவதுண்டு. ஆனால் அறையை ஒழுங்குபடுத்தாதீர்கள். சீப்பு, பல் துலக்கும் பிரஷ், தலையணை உறை எதையும் துவைக்கவோ கழுவவோ வேண்டாம். மோப்ப நாய்க்கும் டி.என்.ஏ. பரிசோதனைக்கும் அவை தேவைப்படும். ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தை தானே திரும்பி வரலாம். இன்னொருவர் அக்கம்பக்கத்து சிசிடிவி பதிவுகளை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லட்டும். பல கேமராக்களில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

சரி, கிடைத்துவிட்டாள் என்றால்? அடிக்காதீர்கள், "ஏன் போனே?" என்று அதட்டவும் வேண்டாம். அப்புறம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால் "கிடைத்துவிட்டாள், அழித்துவிடுங்கள்" என்று அதே குழுக்களில் அன்றைக்கே போடுங்கள். இல்லாவிட்டால் அவள் படம் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.