முயல் சாப்பிட மறுத்தால் காத்திருக்கலாமா?

கேள்வி: நேற்று இரவு வரை துள்ளிக்கொண்டிருந்த எங்கள் முயல், காலையிலிருந்து மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த புல்லைக்கூடத் தொடவில்லை. நாளை வரை பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். முயலின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய இயந்திரம் மாதிரி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உள்ளே போகவில்லை என்றாலே அது அவசரம்தான். போதாக்குறைக்கு, வேட்டையாடப்படும் பிராணி என்பதால் வலியை மறைத்துக்கொள்ளும், நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பாதி முற்றியிருக்கும்.

முதலில் கூண்டின் தரையைப் பாருங்கள். புழுக்கை வழக்கமான அளவில் இருக்கிறதா, மிளகு மாதிரி சிறுத்துவிட்டதா, அல்லது ஒன்றுமே இல்லையா? அப்புறம் காதைத் தொடுங்கள், சில்லென்று இருந்து உடம்பும் துவண்டிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். உடல் சூடு 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது ஆபத்து. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தபடியே கிளம்புங்கள். பல்லை நறநறவென்று கடிப்பதும் வலிக்கு அடையாளம். தலையைத் தடவும்போது வரும் மெல்லிய பல் சத்தம் வேறு, அது சந்தோஷம்.

வயிறு உப்பி, பந்து மாதிரி இறுகியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், முயலால் வாந்தி எடுக்க முடியாது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கரைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், வாய்வழி கொடுத்தால் முயலின் உயிரையே அது எடுத்துவிடும். மருத்துவமனைக்கு முதலில் போன் போட்டு, முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கை கிடைத்தால் நாலைந்தை ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.